பத்தாம் நாள் காய்ச்சல்

(புற்றுநோயாளர்களும் தீவிர சிகிச்சையும் என்னும் பொருளில் இராயபுரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளையினர் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். புகையிலையை விடுங்கள் என்று பேசியிருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் என்று பேசியிருக்கலாம். இரண்டும் உண்மைதான், ஆனால் அவற்றைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். யாரும் மேடையேற்றாத ஓர் அரைமணி நேரத்தைப் பற்றிப் பேசவே வந்தேன். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரை, மூச்சு வாங்க, ரத்த அழுத்தம் இறங்க, ஐ.சி.யூ. வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். உள்ளே எடுப்பதா, வேண்டாமா? அந்த அரைமணியில் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். பெரும்பாலும் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர். சில நேரம் வீட்டார். பல நேரம் பணம். ‘கேன்சர் பேஷன்ட்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்த முடிவு பாதி எழுதப்பட்டுவிடுகிறது. அது சரியா என்பதுதான் இன்றைய கேள்வி. சரியில்லை என்பது என் கட்சி. ஏன் என்பதைச் சொல்லத்தான் மீதி நேரம்.

இந்தக் கேள்விக்குச் சென்னையில் வயது அதிகம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தச் சாவைக் கண்முன் பார்த்தவர், புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் அலைந்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. எப்படியும் சாகப்போகிறவர்களுக்குத் தனியாக ஒரு மருத்துவமனை எதற்கு என்று ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்களே கேட்டதை அங்கேயே பணியாற்றிய டாக்டர் வி. சாந்தா நினைவுகூர்ந்ததுண்டு. அந்தக் கேள்விக்கு அடையாறு வாயால் பதில் சொல்லவில்லை. குழந்தைகளைப் பிழைக்க வைத்துக் காட்டியது. 1980-களின் நடுவில் அடையாறும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் டில்லி எய்ம்ஸும் ஒரே சிகிச்சை முறையை வைத்துக்கொண்டு குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை எதிர்கொண்டன. ஐந்தில் ஒரு குழந்தை தேறினால் பெரிது என்றிருந்த நிலை மாறி, தேறியவர்களின் பங்கு ஏறத்தாழ இரு மடங்காகவும், சில இடங்களில் அதற்கு மேலும் உயர்ந்தது. அந்த வரலாற்றில் நம் பேச்சுக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இறந்த குழந்தைகளில் பலர் ரத்தப் புற்றுநோயால் சாகவில்லை. சிகிச்சை நடக்கும்போது வந்த கிருமித் தொற்றால் இறந்தார்கள். நோய் தோற்றுக்கொண்டிருந்தது; இடையில் புகுந்த காய்ச்சல் ஜெயித்தது.

ஐ.சி.யூ. என்பதே ஒரு தொற்றுநோய்க் காலத்தில் பிறந்ததுதான். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கலாம் என்று காட்டினார். இயந்திரம் இல்லை. மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துவதில்லை. நோய் தணியும்வரை மூச்சை ஓட்டித் தருகிறது. நம் ஊரில் ‘வென்டிலேட்டர் வெச்சுட்டாங்க, அவ்ளோதான்’ என்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம்மில் பலர் வென்டிலேட்டரைப் பார்த்ததே ஒரு சாவு வீட்டுக்கு முந்திய வாரத்தில்தான். ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வி வேறு: மூச்சு நின்றதற்குக் காரணம் தணியக்கூடியதா?

1980-களில் வந்த ஆய்வுகள் இருண்டவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. வென்டிலேட்டர் வைக்கப்பட்ட புற்றுநோயாளர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டு வென்டிலேட்டருக்குப் போனவர்களில் மீண்டவர் மிகச் சிலர். அந்த எண்களைப் படித்து வளர்ந்த ஆசிரியர்கள் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். நாங்கள் அடுத்த தலைமுறைக்கு நடத்தினோம். எண்கள் மாறின. பாடம் மாறவில்லை.

எப்படி மாறின என்று பாருங்கள். ஐரோப்பாவில் 198 ஐ.சி.யூ.க்களில் சேர்ந்த 3,147 பேரை ஆராய்ந்த முடிவு 2009-இல் வெளியானது. அவர்களில் 473 பேருக்குப் புற்றுநோய். நுரையீரல், குடல், மார்பகம் போன்ற உறுப்புகளில் கட்டியாக வந்தவர்களில் ஐ.சி.யூ.வுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 20. புற்றுநோயே இல்லாத மற்ற நோயாளிகளில்? 100-க்கு 18. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு கதவைச் சாத்த இடம் இருக்கிறதா? ரத்தப் புற்றுநோயாளர் கதை இவ்வளவு எளிதல்ல. அவர்களில் பாதிக்கு மேல் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். மூன்றுக்கு மேல் உறுப்புகள் செயலிழந்த பிறகு வந்த புற்றுநோயாளர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் இறந்தார்கள். மற்ற நோயாளிகளிலோ ஏறத்தாழப் பாதிப் பேர். எத்தனை உறுப்பு விழுந்த பிறகு கொண்டுவந்தோம் என்பதற்கு இருக்கும் கனம் நோயின் பெயருக்கு இல்லை.

ஐரோப்பாவில் இருப்பவை பணக்கார நாடுகள் என்று சொல்லலாம். சரி, பிரேசிலுக்குப் போவோம். கூட்டம் நிரம்பிய அரசு மருத்துவமனையும் அளந்து கொடுக்கும் பணமும் நம்மைப் போலவே உள்ள நாடு. 28 ஐ.சி.யூ.க்களில் 717 புற்றுநோயாளர்களைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் 100-க்கு 30 பேர் மருத்துவமனையில் இறந்தார்கள். அந்த 30-ஐப் பிரித்தால்தான் விஷயம் தெரியும். நாள் குறித்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்தவர்களில் 11. அவசர அறுவைக்குப் பின் வந்தவர்களில் 37. அறுவை இல்லாமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று மருத்துவக் காரணங்களுக்காக வந்தவர்களில் 58. வாய்ப் புற்றுநோய்க்குத் தாடையை எடுத்துத் தைத்துவிட்டு இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறோமே, அவர்கள் முதல் வகை. தடை இருந்தும் மாவா, ஹான்ஸ் என்று மெல்லும் புகையிலை கைமாறும் தெருக்களில் இந்த முதல் வகைக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவருக்குப் படுக்கை மறுத்தால் அது மருத்துவ முடிவல்ல, மூடநம்பிக்கை. 58 என்ற மூன்றாம் வகைதான் நம்மைத் தூங்கவிடக்கூடாது. இந்த ஆய்வில் பிழைப்பவர் யார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை எத்தனை உறுப்பு செயலிழந்தது, வென்டிலேட்டர் தேவைப்பட்டதா, நோய்க்கு முன் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாரா என்ற மூன்றும்தான். புற்றின் விவரங்கள் அவற்றுக்குப் பின்னால்தான் நின்றன.

இதைப் பிரான்சில் இன்னும் நேராகச் சோதித்தார்கள். பாரிஸில் செயின்ட் லூயி என்றொரு மருத்துவமனை. 1607-இல் கொள்ளைநோய்க்காகக் கட்டியது. இன்று ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பேர்போனது. (நம்முடைய ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழிவந்ததுதான். இன்றும் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். பசியும் கொள்ளைநோயும்தான் உலகெங்கும் பெரிய மருத்துவமனைகளுக்குக் கால்கோள் போலும்.) செயின்ட் லூயியில் ஐ.சி.யூ.வுக்கு அழைப்பு வந்த 206 புற்றுநோயாளர்களில் 105 பேரை உள்ளே எடுத்தார்கள். 54 பேரை ‘நிலைமை கைமீறிவிட்டது, பயனில்லை’ என்று விட்டார்கள். 47 பேரை ‘இப்போது தேவையில்லை, நன்றாக இருக்கிறார்’ என்று விட்டார்கள். முப்பது நாள் கழித்துப் பார்த்தால், பயனில்லை என்று விட்டவர்களில் 100-க்கு 26 பேர் உயிரோடு இருந்தார்கள். தேவையில்லை என்று விட்டவர்களிலோ ஐந்தில் ஒருவர் இறந்திருந்தார். உலகத்தரமான நிபுணர்கள், அதே துறையில் ஊறியவர்கள், கட்டிலருகே நின்று பார்த்து எடுத்த முடிவு இப்படி. அப்படியிருக்க, இரவு இரண்டு மணிக்கு வாசலில் நின்று ஒரு சொல்லை மட்டும் கேட்டு எடுக்கும் முடிவை எந்த நம்பிக்கையில் ஏற்பது?

அதே மருத்துவமனைதான் ஒரு வழியையும் காட்டியது. வாசலில் தீர்ப்பு வேண்டாம். ஐந்து நாள் முழுமூச்சாகச் சிகிச்சை கொடுப்போம், பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்றார்கள். வென்டிலேட்டர் தேவைப்பட்டு, அதற்கு மேல் இன்னொரு உறுப்பாவது செயலிழந்த 188 பேரை இப்படிப் பார்த்தார்கள். ஐந்தாம் நாளில் 103 பேர் உயிரோடு இருந்தார்கள். கடைசியில் 41 பேர் பிழைத்தார்கள். 188-இல் 41 என்பது குறைவாகத் தெரியலாம். அந்த 41 பேரும் பழைய பாடத்தின்படி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள். இன்னொன்றும் தெரிந்தது: முதல் நாள் நிலைமையைப் பார்த்து யார் பிழைப்பார் என்று சொல்ல முடியவில்லை, ஆறாம் நாள் சொல்ல முடிந்தது. மூன்று நாள் கழிந்த பிறகு புதிதாக வென்டிலேட்டரோ, ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்தோ, டயாலிசிஸோ தேவைப்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தக் கடைசிச் செய்தி கசப்பானது. ஆனாலும் கருணையானது என்பேன். எப்போது நிறுத்தலாம் என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் தொடங்கும் துணிச்சல் வரும்.

இனி நம் ஊருக்கு வருவோம். முதலில் உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்கிறது. புற்றணு அப்படிப் பெருகும். எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுவும் அப்படித்தான். அதனால் மருந்து ஏற்றி ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள், பெரும்பாலும் பத்தாம் நாளை ஒட்டி, வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வகை 500-க்குக் கீழே போனால் உடம்பில் காவலே இல்லை. சீழ் வராது, வீக்கம் வராது, ஏனென்றால் சீழ் பிடிக்கவே வெள்ளை அணு வேண்டும். அறிகுறி ஒன்றே ஒன்று: காய்ச்சல். அதுவும் 100.4 டிகிரி என்ற சாதாரணக் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கக்கூடிய அந்த நிலையில், ஆன்டிபயாட்டிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்கின்றன உலக வழிகாட்டிகள். கனடாவில் ஆனந்த் குமார் என்ற மருத்துவரும் குழுவினரும், கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் விழுந்த 2,731 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். புற்றுநோயாளர் மட்டுமல்ல, எல்லாரும். அழுத்தம் விழுந்த முதல் மணிக்குள் சரியான மருந்து கிடைத்தவர்களில் 100-க்கு 80 பேர் பிழைத்தார்கள். அடுத்த ஆறு மணி நேரத்தில் ஒவ்வொரு மணிநேரத் தாமதமும் சராசரியாக 7.6 பேரைக் கழித்துக்கொண்டே போனது.

இப்போது எண்ணூரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எவர் வீடும் அல்ல, பலர் வீடு. ஐம்பது வயதுக்காரர். நிணநீர்க் கட்டிக்கு அடையாற்றில் கீமோ போட்டுக்கொண்டு வந்து பத்து நாள். ராத்திரி உடம்பு சுடுகிறது. வீட்டம்மா ஒரு டோலோ, அந்தக் காய்ச்சல் மாத்திரையை, கொடுக்கிறார். வியர்த்து இறங்குகிறது; நிம்மதியாகத் தூங்குகிறார்கள். விடியற்காலையில் குளிர் நடுக்கம். இன்னொரு டோலோ. மதியம் ஆள் கொஞ்சம் பிதற்றுகிறார். தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். மாலையில் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால்:

“சார், கீமோ போட்டு பத்து நாளாச்சு சார். நேத்துலேர்ந்து காய்ச்ச. ஆளு ஒரு மாறி பேசுறாரு.”

“எங்க கீமோ?”

“அடையாறு சார்.”

“அப்ப அங்கியே இட்டுனு போங்கம்மா. கேன்சர் கேஸ்லாம் நாங்க பாக்க முடியாது.”

எண்ணூரிலிருந்து அடையாறு 25 கிலோமீட்டருக்குக் குறையாது. ஊரின் வடகோடியிலிருந்து தெற்கே போக வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் நாளில் 108 ஆம்புலன்ஸின் சைரனுக்கு வழிவிட லாரிக்காரருக்கு மனமிருந்தாலும் இடம் இருக்காது. அவர் போய்ச் சேரும்போது சிறுநீர் நின்றிருக்கும், மூச்சு வாங்கும், அழுத்தம் கையில் கிடைக்காது. மூன்று உறுப்பு விழுந்தாயிற்று. அங்கே இருக்கும் மருத்துவர் தலையை அசைக்கிறார். வீட்டில் பேசிக்கொள்வார்கள்: கேன்சர் கொண்டுபோய்விட்டது. இல்லை. கேன்சர் அடங்கிக்கொண்டிருந்தது. ஊசியால் நின்றிருக்கக்கூடிய ஒரு காய்ச்சல், இருபது மணி நேரம் சும்மா விடப்பட்டதால் கொண்டுபோயிற்று. அவருடைய இறப்புச் சான்றிதழில் அந்த இருபது மணி நேரத்துக்குக் கட்டம் கிடையாது.

அந்தப் பாதையில் சரிபாதித் தூரத்தில் ஸ்டான்லி இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவும் புற்றுநோய்த் துறைகளும் அங்கே உள்ளன. 2009-இல் கல்லீரல் மாற்று அறுவையை அரசு மருத்துவமனையிலும் செய்யலாம் என்று காட்டிய இடம் அது. காய்ச்சலுக்கு முதல் ஆன்டிபயாட்டிக் போட, அடையாற்றில் பதிவு செய்த நோயாளி அடையாற்றுக்குத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முதல் ஊசி அருகிலுள்ள இடத்தில். மற்ற பேச்சு பிறகு.

வடசென்னைக்காரருக்கு இந்தப் பாடம் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லியில் வளர்த்த கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்தது. வளராமல் எப்படி? அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்-பும், நூறு லேத் பட்டறைகளும் இருக்கும் பகுதி இது. விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான துணியில் சுற்றிப் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்து, நேரே ஸ்டான்லிக்கு ஓட வேண்டும் என்பது இங்கே படிக்காத தொழிலாளிக்கும் தெரியும். யாரும் டோலோ கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதில்லை. ஒரு விரலுக்கு ஒரு பகுதியே கற்றுக்கொண்ட அவசரத்தைப் பத்தாம் நாள் காய்ச்சலுக்கும் கற்றுக்கொள்ள முடியாதா?

இந்தப் பகுதிக்கென்று இன்னொரு சுமையும் உண்டு. ஐ.சி.யூ.வில் பிழைப்பது, போவதற்கு முன் நுரையீரல் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. அனல்மின் நிலையச் சாம்பலையும் மணலி ஆலைகளின் புகையையும் சுவாசித்து முதுமைக்கு வரும் நுரையீரலுக்குக் கையிருப்பு குறைவு. வெளிக்காற்றின் மாசு புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இலேயே அறிவித்துவிட்டது. 2023 டிசம்பர் எண்ணூருக்கு எப்படிப்பட்ட மாதம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரம் முழுக்க எண்ணெய். 26-ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்குக் கடலிலிருந்து வரும் குழாயில் அமோனியாக் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கைக்குழந்தைகளோடு இருட்டில் ஓடினார்கள். அந்த இரவு ஓடியவர்களில் நுரையீரல் நோயாளி இருந்திருப்பார், கீமோ எடுப்பவரும் இருந்திருக்கக்கூடும். மாசுக் கட்டுப்பாடும் ஐ.சி.யூ.வும் வேறு வேறு துறை என்று கோப்பில் பிரிக்கலாம். நெஞ்சுக்கூட்டுக்குள் அவை ஒன்றுதான்.

புற்றுநோய் இருப்பதே தெரியாமல் நேரே ஐ.சி.யூ.வுக்கு வருகிறவர்களும் உண்டு. கழுத்தும் முகமும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஓர் இளைஞர் வருவார். நெஞ்சுக்குள் வளர்ந்த நிணநீர்க் கட்டி பெரிய ரத்தக் குழாயை அழுத்திக்கொண்டிருக்கும். அல்லது ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணு லட்சக்கணக்கில் ஏறி நுரையீரல் அடைத்திருக்கும். முதல் மருந்து ஏற்றியதும் புற்றணுக்கள் கூட்டமாக உடைந்து, யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தை நிறுத்தும். பார்க்கக் கொடூரமான நிலை. எல்லா எண்ணும் சிவப்பில் இருக்கும். ஆனால் இவர்களில் பலருடைய நோய் மருந்துக்கு உருகக்கூடியது. சில நாள் டயாலிசிஸ் செய்து, வென்டிலேட்டரில் இருக்கும்போதே கீமோ கொடுத்து, எழுந்து நடந்து போனவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு மோசமானவரிடம் சில நேரம் வாய்ப்பு அதிகம் இருக்கும். சுமாராகத் தெரிகிறவரிடம் குறைவாக இருக்கலாம். மருத்துவ மாணவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எல்லாரையும் உள்ளே எடுக்கச் சொல்கிறேனா? இல்லை. மாதக்கணக்கில் படுக்கையிலேயே இருக்கிறார். எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்தாயிற்று. நோய் எல்லா இடத்திலும் பரவிவிட்டது. இனிக் கொடுக்கப் புற்றுக்கு மருந்தில்லை. அவரைக் குழாய்களுக்கு நடுவே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளை நிறுத்திவைத்துச் சாகவிடுவது சிகிச்சை அல்ல. அவருக்குத் தேவை வலி நீக்கம், மூச்சுத் தவிப்புக்கு மார்பின், கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா இல்லம் 1990-களிலிருந்து இதைக் கட்டணமில்லாமல் செய்துவருகிறது. இங்கிருக்கும் பலருக்கு அது தெரியாது; ஒரு முறை போய்ப் பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சேவை இருக்கிறது. ஐ.சி.யூ. வேண்டாம் என்பது சிகிச்சையே வேண்டாம் என்றாகிவிடக் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத்தான் அந்த ஐந்து நாள். தொடங்கும்போதே வீட்டாரை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்: ‘இவ்வளவும் செய்யப்போகிறோம். இத்தனையாம் தேதி மறுபடி பேசுவோம். அன்றைக்கு முன்னேற்றம் இருந்தால் தொடர்வோம், இல்லாவிட்டால் வலியில்லாமல் வைத்துக்கொள்வோம்.’ நடைமுறையில் நாம் செய்வது வேறு. தினமும் காலையில் ‘கிரிட்டிக்கல்’ என்ற ஒற்றைச் சொல்லை வாசலில் வந்து சொல்லிவிட்டு உள்ளே போகிறோம். நகையை அடகு வைத்தவருக்கும், படகை விற்கலாமா என்று யோசிப்பவருக்கும் அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. அரசு மருத்துவமனை ஐ.சி.யூ.வில் கட்டணம் இல்லை. தனியாரில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தாங்கும். ஆனால் வெளியே வாங்கும் மருந்து, ஆட்டோ, நின்றுபோன கூலி ஆகியவற்றுக்குக் காப்பீடு கிடையாது. நாள் குறித்துப் பேசினால் குடும்பத்துக்குக் கடனுக்கும் ஓர் எல்லை தெரியும்.

நிறுத்துவதற்குச் சட்டம் இடம் தருமா என்று மருத்துவர்கள் பயப்படுகிறார்கள். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாண்போடு இறப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பயன்தராத உயிர்காப்புக் கருவிகளை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முதலில் விதித்த நடைமுறை மாஜிஸ்திரேட்டு வரை இழுத்ததால் யாராலும் பின்பற்ற முடியவில்லை. 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து போதும். மருத்துவமனையில் மூன்று பேர் கொண்ட இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் சொல்வது நல்லது. மகன் ஒன்று சொல்ல, மருமகன் வேறொன்று சொல்ல, தாதாக்கள் போல மாமன்கள் வந்து வாசலில் கத்தும் காட்சியைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பிழைத்து வந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வருவது பாதி வழி. பத்து நாள் படுத்தவருக்குத் தொடைத் தசை கரைந்திருக்கும். மாடிப்படி ஏற முடியாது. ராத்திரியில் அந்த இயந்திரச் சத்தம் கனவில் வரும். அடுத்த கீமோவைத் தாங்கும் அளவுக்கு அவரை எழுப்பி நடக்கவைத்தால்தான் நாம் காப்பாற்றியதற்குப் பொருள். படுக்கையில் இருக்கும்போதே பிசியோதெரபி தொடங்க வேண்டும். இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம், ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் எப்போதும் கடைசியாக நியமிக்கிறோம்.

அரசிடம் நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தண்டையார்பேட்டை அரசு மருத்துவமனையிலும் முதல் வேளை ஆன்டிபயாட்டிக் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கீமோ எடுப்பவர் காய்ச்சலோடு வந்தால் சீட்டு எழுதும் வரிசையில் நிற்காமல் அதைப் போட்டுவிட்டு 108-இல் ஸ்டான்லிக்கு அனுப்பும் பழக்கம் வரட்டும். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையும் அரசு மருத்துவமனைகளும் கீமோ முடித்து அனுப்பும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஓர் அட்டை கொடுக்கட்டும்: என்ன நோய், எந்த நிலை, கடைசி மருந்து எந்தத் தேதி, குணப்படுத்தத் தரும் சிகிச்சையா வலி தணிக்கத் தரும் சிகிச்சையா. இரவு இரண்டு மணிக்கு முடிவெடுக்கும் அந்த இளம் மருத்துவருக்கு இந்த நான்கு வரி போதும். தனியார் மருத்துவமனைகளிடம் கேட்பது இன்னும் சின்னது. ஐ.சி.யூ.வில் சேர்க்க முடியாவிட்டால் போகட்டும். திருப்பி அனுப்புவதற்கு முன் ரத்தம் எடுத்துக்கொண்டு அந்த ஒரு ஊசியைப் போட்டு அனுப்புங்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் தெருவில், உங்கள் குப்பத்தில், பக்கத்து வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று இன்று மாலையே கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை அது 100.4 காட்டினால் டோலோ கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பைலை எடுத்துக்கொண்டு, எந்த நேரமானாலும், அருகிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். போனதும் முதல் வார்த்தையாக, கீமோ போட்டு இத்தனை நாள், காய்ச்சல் இத்தனை டிகிரி என்று சொல்லச் சொல்லுங்கள். வண்டி இல்லாவிட்டால் 108.